நிண்ட கூட்டம்

எங்கள் வார்டில் கதிரைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் காலை ஏழேகாலுக்கு நாங்கள் கூடுகிற அந்தப் பத்து நிமிடமும் யாரும் கதிரையில் இருக்கக்கூடாது, நின்றபடிதான் கதைக்கவேண்டும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். இருந்தால் கதை நீளும். கதை நீண்டால் காலை மருந்து பிந்தும். அதனால் எங்கள் ஆட்கள் அதற்கு 'நிண்ட கூட்டம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மேலிடத்துக்குப் போகிற அறிக்கையில் அதற்கு 'நோயாளர் பாதுகாப்புக் குழுச் சந்திப்பு' என்று நீளமான பெயர் ஒன்று உண்டு. அந்தப் பெயரை மாதாமாதம் எழுதியிருக்கிறேன், ஒருநாளும் வாயால் சொன்னதில்லை.

பெண்கள் சத்திரசிகிச்சை வார்டில் நான் பதினொரு வருடமாக சிஸ்டர். எங்கள் ஆஸ்பத்திரிகளில் சிஸ்டர் என்றால் வார்டுக்குப் பொறுப்பான தாதி. மற்றத் தாதிமாரை நோயாளர் 'மிஸி' என்று கூப்பிடுவார்கள். கூட்டுவது, துடைப்பது, நோயாளரைத் தள்ளிக்கொண்டு போவது, கட்டில் மாற்றுவது எல்லாம் செய்பவர்கள் அற்றெண்டன்மார். அவர்களை அநேகமாக யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "இஞ்சை ஒருக்கா வாரும்" என்பதோடு சரி. நானும் அப்படித்தான் இருந்தேன்.

கூட்டம் எப்படித் தொடங்கியது என்பதைச் சொல்லவேண்டும். அது என்னுடைய பிழையில் தொடங்கியது.

ஒரு மாரிகாலம். வார்டில் ஒரே பெயருள்ள இரண்டு பெண்கள் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்களில் இருந்தார்கள். ஒருவர் அச்சுவேலிப் பக்கம், காலில் ஆறாத புண், சலரோகக்காரி. மற்றவர் மயிலிட்டியில் ஒரு மீன்பிடிக் குடும்பத்துப் பெண், ஹேர்னியா ஒப்பரேசனுக்கு வந்தவர், அதைவிட ஒரு வருத்தமும் இல்லாதவர். விடியப்புறம் அடித்த மழையில் யன்னலோரக் கட்டில் நனைந்துவிட்டது. குளிரில் நடுங்கிய சலரோக அம்மாவை உள்ளே மாற்றி, மெத்தையும் விரிப்பும் மாற்றி மற்றவரை யன்னல் பக்கம் விட்டிருக்கிறார்கள். எனக்கு அது தெரியாது. அன்று ஆட்கள் குறைவு என்றபடியால் இன்சுலின் ஊசியை நானே எடுத்துக்கொண்டு போனேன். வழக்கமான கட்டிலுக்குப் போய்ப் பெயரைக் கேட்டேன். "ஓம்" என்றார். பெயர் அதுதானே. ஊசியைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

முக்கால் மணித்தியாலத்தில் மயிலிட்டிப் பெண் வேர்த்துக் கொட்டி, சம்பந்தமில்லாமல் கதைக்கத் தொடங்கினார். இரத்தத்தில் சீனி இறங்கிவிட்டது. நரம்பால் குளுக்கோஸ் ஏற்றி அவரைத் திருப்பி எடுத்தோம். பதினைந்து நிமிடத்தில் எழும்பியிருந்து, "எனக்கு என்ன நடந்தது மிஸி?" என்று கேட்டார். அவருக்கும் அவருடைய கணவருக்கும் நடந்ததை நானே சொன்னேன். அந்த மனிதர் மனைவியின் போர்வையை இழுத்துவிட்டார். பிறகு, "சொல்லாமல் விட்டிருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, என்ன?" என்றார். "ஓம்" என்றேன். அவர் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அன்று பின்னேரம் மாப் வாளியோடு நின்ற அற்றெண்டன் என்னிடம் வந்தார். குருநகர்ப் பெண், என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கும். தினமும் பஸ் ஏறி வருகிறவர். கழுத்தில் சிலுவைச் சங்கிலி. மற்ற இடங்களில் வாய் ஓயாது, வார்டுக்குள் மட்டும் ஒரு சொல் கதைக்கமாட்டார்.

"சிஸ்டர், அந்த ரெண்டு பேரையும் விடிய இடம் மாத்தினது நான்தான்."

"ரெண்டு பேருக்கும் ஒரே பேர் எண்டு உமக்குத் தெரியுமோ?"

"தெரியும். நீங்கள் ஊசியோடை போகேக்கையும் கண்டனான். அது மற்ற அம்மாவுக்கு எண்டு நினைச்சன்."

"நினைச்சா ஏன் சொல்லேல்லை?"

அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "என்னட்டை ஆர் சிஸ்டர் கேக்கிறது?"

அதை அவர் கோபத்தில் சொல்லவில்லை. மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொன்னார். நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் இருந்து யோசித்தேன். ஒரு பயிற்சி வகுப்பில் காலைப் பாதுகாப்புக் கூட்டம் பற்றி எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். குறிப்பெழுதி, கொப்பியை அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். அடுத்த நாள் அந்தக் கொப்பியைத் தேடி எடுத்தேன்.

அதில் எழுதியிருந்தபடி டொக்டர், பிறகு சிஸ்டர், பிறகு தாதிமார் என்று கதைக்கவேண்டும். அற்றெண்டன்மாரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நான் அதைத் தலைகீழாக மாற்றினேன். முதலில் அற்றெண்டன், பிறகு இளைய தாதி, பிறகு மூத்தவர்கள், பிறகு டொக்டர், கடைசியில்தான் நான். எல்லோரும் சொல்லவேண்டியது ஒன்றுதான்: இன்றைக்கு இந்த வார்டில் யாரைப் பற்றி உனக்கு மனத்தில் ஒரு பயம் இருக்கிறது, ஏன்.

தாதிமாரில் ஒருத்திக்கு அது பிடிக்கவில்லை. "சிஸ்டர், அவையள் வந்து எங்களுக்குப் புத்தி சொல்லுறதோ?" என்று கேட்டாள்.

"புத்தி சொல்லவேண்டாம். கண்ணாலை கண்டதைச் சொன்னாக் காணும்."

எங்கள் சத்திரசிகிச்சை நிபுணர் கெட்டிக்காரர், கை சுத்தமான கை, வாய்தான் கொஞ்சம் சூடு. முதல் நாள் விறாந்தையால் வந்தவர் எங்களைக் கண்டுவிட்டு, "என்ன சிஸ்டர், பள்ளிக்கூட அசெம்பிளியோ? தேவாரமும் பாடுவீங்களோ?" என்றுவிட்டுப் போனார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அடுத்த நாளும் ஏழேகாலுக்குக் கூட்டினேன்.

இரண்டு கிழமைக்குக் குருநகர்ப் பெண் ஒரே ஒரு வசனம்தான் சொன்னார். "ஒண்டுமில்லை சிஸ்டர்." அவரோடு வேலை செய்த மற்றவரும் அதையே சொன்னார். ஒவ்வொரு நாளும் "ஒண்டுமில்லை", "ஒண்டுமில்லை" என்று இரண்டு முறை கேட்டபிறகுதான் கூட்டம் தொடங்கும். இது சரிவராது என்று எனக்கே தோன்றத் தொடங்கியது.

மூன்றாம் கிழமையில் ஒரு காலை. அவர் வாயைத் திறந்து, "ஒண்டு..." என்று தொடங்கிவிட்டு நிறுத்தினார். பிறகு மாப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"ஒன்பதாம் கட்டில் அம்மா தேத்தண்ணி குடிச்சவ. பால் தேத்தண்ணி. புருசன் காலமை பிளாஸ்கிலை கொண்டந்து குடுத்தவர். கட்டிலுக்குக் கீழை பிளாஸ்க் கிடக்கு."

ஒன்பதாம் கட்டில் அம்மாதான் அன்றைய ஒப்பரேசன் பட்டியலில் முதலாவது ஆள். மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் பால் இருந்தால் அது சுவாசப்பைக்குள் போகலாம், ஆளே போய்விடலாம். ஒன்றும் சாப்பிடவில்லை, குடிக்கவில்லை என்று அந்த அம்மா தாதியிடம் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருந்தார். நான் குனிந்து பார்த்தேன். சிவப்புப் பூப்போட்ட பிளாஸ்க், இன்னும் சூடாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து நிபுணர் பின்னால் வந்து நின்றார். "ஆர் கண்டது?" என்று கேட்டார். அந்தப் பெண் சுவரோடு ஒட்டிக்கொண்டார். நான் கையைக் காட்டினேன். நிபுணர் அன்றைய ஒப்பரேசனைத் தள்ளிவைத்துவிட்டு, அந்தப் பெண்ணைப் பார்த்து, "நல்லது. நாளைக்கும் பாரும்" என்றார். அவ்வளவுதான். அடுத்த நாள் ஏழேகாலுக்கு நிபுணர் தூணுக்குப் பக்கத்தில் ஒரு நிழல்போல நின்றார். அதற்கடுத்த கிழமை வட்டத்துக்குள் வந்துவிட்டார்.

ஆனால் அவர் "ஆர் கண்டது?" என்று கேட்டபோது அந்தப் பெண்ணின் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. அன்றே இரண்டு சட்டம் போட்டேன். கூட்டத்தில் சொன்ன எதற்காகவும் யாரும் யாரையும் ஏசக்கூடாது. கூட்டம் முடிந்தபிறகு 'ஆர் சொன்னது' என்று யாரும் கேட்கக்கூடாது. டொக்டராக இருந்தாலும் சரி, சிஸ்டராக இருந்தாலும் சரி. வெள்ளைத் தாளில் எழுதி மருந்து அலுமாரிக் கதவில் ஒட்டினேன்.

பிறகு அது ஓடத் தொடங்கியது. கழிவறை நிலம் வழுக்குகிறது, பன்னிரண்டாம் கட்டில் சக்கரம் பூட்டுப்படவில்லை, புதிதாக வந்த ஆச்சிக்கு இடது காது கேட்காது, வலது பக்கம் நின்று கதைக்கவேண்டும். இப்படிச் சின்னச் சின்னக் காரியங்கள். ஏழு வருடமாக ஒரு ஞாயிற்றுக்கிழமையும் தவறவில்லை.

இனி என்னுடைய கதை.

போன வருடம் எனக்குப் பித்தப்பையில் கல் என்று கண்டார்கள். சாப்பிட்டால் வயிற்று நோ, சத்தி எடுப்பேன். "எடுத்துவிடுவம் சிஸ்டர், சின்ன வேலை" என்றார் எங்கள் நிபுணர். தெரிந்தவர்கள் வேறு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள், சொந்த வார்டில் படுப்பது கூச்சமாக இருக்குமென்று. நான் மறுத்துவிட்டேன். என் வார்டை நானே நம்பாமல் வேறு யார் நம்புவது?

இரண்டு முறை நாள் குறித்து இரண்டு முறையும் தள்ளிப்போனது. மூன்றாம் முறை குறித்தபோது என் கணவர் வெங்காய நடுகையை ஒரு கிழமை முன்னுக்குத் தள்ளி முடித்திருந்தார். அவருடைய தங்கை வந்து சமையலைப் பொறுப்பெடுக்க ஆயத்தமாக இருந்தாள். என்னுடைய லீவும் கையெழுத்தாகிவிட்டது.

அந்த நேரத்தில்தான் அந்த மற்ற விஷயம் தொடங்கியது. எங்கள் வார்டு மேல்மாடி. லிஃப்ற் அடிக்கடி பழுது. படி ஏறும்போது நெஞ்சின் நடுவில் யாரோ உள்ளங்கையை வைத்து அழுத்துவதுபோல இருக்கும். நின்றால் போய்விடும். திரும்ப ஏறினால் திரும்ப வரும். முப்பது வருடம் தாதியாக இருந்தவளுக்கு இது என்னவென்று தெரியாதா? ஒரு நோயாளி என்னிடம் இதைச் சொல்லியிருந்தால் அவரை றோட்டைக் கடக்கவே விட்டிருக்கமாட்டேன். எனக்கு நானே சொல்லிக்கொண்டது, "கல்லாலை வாற வாய்வு" என்று. கல்லை எடுத்தால் இதுவும் போய்விடும் என்று முடிவுகட்டினேன். உண்மையில் எனக்குப் பயம். இன்னொரு வருத்தத்துக்குப் பெயர் வைக்க எனக்கு விருப்பமில்லை.

ஒப்பரேசனுக்கு முந்தின கிழமை மயக்க மருந்து டொக்டர் என்னைக் கிளினிக்கில் பார்த்தார். தெற்கிலிருந்து வந்த சிங்களப் பெண். நான்கு வருடமாக எங்களோடு இருக்கிறார், நோயாளரோடு கதைத்துக் கதைத்தே தமிழ் பழகியவர். "சிஸ்டர், நெஞ்சு நோ இருக்கா? படி ஏறினா மூச்சு வாங்குதா?" என்று கேட்டார். "இல்லை டொக்டர்" என்றேன். ஈசீஜி எடுத்தார்கள், அதில் ஒன்றும் தெரியவில்லை. படுத்துக்கிடக்கும்போது எடுத்தால் எல்லாமே ஒழுங்காகத் தெரிவது உண்டு. அவர் என்னை நம்பினார். ஒரு சிஸ்டர் பொய் சொல்லுவாள் என்று அவர் ஏன் நினைக்கவேண்டும்?

ஒப்பரேசனுக்கு முதல் நாள் பின்னேரம் வார்டுக்கு வந்தேன். லிஃப்ற் பழுது. குருநகர்ப் பெண் கீழே வந்து என்னுடைய பையை வாங்கிக்கொண்டு பின்னால் ஏறிவந்தார். முதல் திருப்பத்தில் அழுத்தம் வந்தது. நின்றேன். சுவரில் ஒரு நோட்டீஸ் இருந்தது, அதைப் பார்ப்பதுபோல நின்றேன். இன்னும் கொஞ்சம் ஏறி மறுபடியும் நின்றேன்.

"என்ன சிஸ்டர்?"

"ஒண்டுமில்லை. நோட்டீஸ் பாக்கிறன்."

அவர் பையை மற்றக் கைக்கு மாற்றினார். மேலே போய்ப் பையை வைத்து, விரிப்பை இழுத்துவிட்டு, வேலை முடிந்து பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

எனக்குத் தந்தது நாலாம் கட்டில். தாதிமாரின் மேசைக்குப் பக்கத்தில், கூட்டம் கூடுகிற இடத்துக்கு நான்கு அடி தள்ளி. மறுநாள் காலை ஆஸ்பத்திரிச் சட்டையோடு, கையில் பெயர்ப்பட்டி கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கிடந்தேன். பட்டியலில் நான்தான் முதலாவது. ஏழேகாலுக்குச் சப்பாத்துச் சத்தங்கள் வந்து நின்றன. எனக்குப் பதிலாக வார்டைப் பொறுப்பெடுத்திருந்தவள், முன்பு "அவையள் வந்து புத்தி சொல்லுறதோ" என்று கேட்டாளே, அவள்தான். "தொடங்குவம்" என்றாள்.

வழக்கம்போல அற்றெண்டன் முதலில்.

"நாலாம் கட்டில்" என்றது குருநகர்ப் பெண்ணின் குரல். பிறகு மாப் பிடி சுவரில் தட்டுப்பட்ட சத்தம் கேட்டது.

"சொல்லும்."

"நாலாம் கட்டில் அம்மா நேத்துப் படி ஏறேக்கை ரெண்டு தரம் நிண்டவ. நெஞ்சிலை கை வைச்சவ. முகம் வெளிறிப்போச்சு. கேட்டா நோட்டீஸ் பாக்கிறன் எண்டவ. அது போன வருசத்து டெங்கு நோட்டீஸ். அவவே ஒட்டினது."

சிஸ்டர் என்று சொல்லாமல் 'நாலாம் கட்டில் அம்மா' என்றார். அது எனக்குச் சுருக்கென்றது. நான் எழும்பிவிட்டேன்.

"உமக்கென்ன தெரியும்? நீர் என்ன டொக்டரோ? பையைத் தூக்கச் சொன்னாப் பையைத் தூக்கிக்கொண்டு வாறதை விட்டிட்டு!"

வார்டு முழுக்கக் கேட்டது. ஐந்தாம் கட்டிலில் ஒரு பிள்ளை அழுகிறமாதிரி என்னைப் பார்த்தாள். அலுமாரிக் கதவில் என்னுடைய கையெழுத்தில் என்னுடைய சட்டம் தொங்குகிறது, அதற்குக் கீழே நின்று நான் கத்துகிறேன்.

அவருடைய முகம் சிவந்தது. ஆனால் சுவரோடு ஒட்டவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார். "நான் கண்டதைச் சொன்னன்" என்றார், அவ்வளவுதான்.

பொறுப்பாக நின்றவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "அடுத்தது" என்றாள், எல்லாரையும் கேட்டு முடித்தாள். நிபுணர் வட்டத்துக்குள் நின்றார். கூட்டத்தின் கடைசியில், "நாலாம் கட்டிலைப் பட்டியலிலை கீழை போடுங்கோ. மயக்க டொக்டர் வந்து பாக்குமட்டும் அவ இந்த வாட்டை விட்டு அசையக்கூடாது" என்றார். பிறகு கட்டிலடிக்கு வந்து, "சிஸ்டர், உங்களுக்குக் கோபம் வந்தா எனக்கு ஏசுங்கோ. நான் பழகின ஆள்" என்றுவிட்டுப் போனார்.

பொறுப்பானவள் வந்து திரைச்சீலையை இழுத்துவிட்டாள்.

"ஆரைக் கேட்டு என்னைக் கீழை போட்டனீர்?" என்றேன்.

"கூட்டத்திலை சொன்னது சிஸ்டர்."

"அவ சொன்னா..."

"ஆர் சொன்னது எண்டு கேக்கிறேல்லை" என்றாள். சிரிக்கவில்லை. பயப்படவும் இல்லை. என்னுடைய கையைப் பிடித்து நாடி பார்த்தாள்.

மயக்க மருந்து டொக்டர் அரை மணித்தியாலத்தில் வந்தார். கட்டில் ஓரத்தில் இருந்தார். நெஞ்சு நோ இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை.

"சிஸ்டர், எத்தனை படி ஏறினா வரும்?"

அந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று பதில் சொல்லமுடியாது. நான் திரைச்சீலையைப் பார்த்தேன். பிறகு அவரைப் பார்த்தேன்.

"பதினைஞ்சு. சில நாளைக்குப் பன்ரெண்டு."

"எவ்வளவு நாளா?"

"மூண்டு கிழமை."

எழுதினார். "கிளினிக்கில நான் கேட்டேன். இல்லை சொன்னீங்க."

"ஓம்."

பேனையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "மறந்தது எண்டு எழுதவா, மறைச்சது எண்டு எழுதவா?"

"மறைச்சது எண்டே எழுதுங்கோ" என்றேன். அதைச் சொன்னபிறகுதான் எனக்கு அழுகை வந்தது. ஆனால் அவர் அப்படி எழுதவில்லை. பிறகொரு நாள் என்னுடைய நோய்க்குறிப்பு ரிக்கற்றை எடுத்துப் பார்த்தேன். திகதியும் படிகளின் எண்ணிக்கையும் மட்டும் இருந்தன.

அன்று ஒப்பரேசன் நடக்கவில்லை. பத்து மணிக்கு வந்த என் கணவரிடம் நானே சொன்னேன். அவர் யன்னலடியில் நின்றபடி, "எனக்குமெல்லே நீர் சொல்லேல்லை" என்றார். அவர் கோபித்தது அந்த ஒரு வசனம்தான்.

மத்தியானம் வார்டு அமைதியான நேரம் பார்த்துக் குருநகர்ப் பெண்ணைக் கூப்பிட்டேன். வந்து கட்டில் காலடியில் நின்றார்.

"காலமை நான் உமக்கு ஏசினது பிழை" என்றேன்.

"ஓம், பிழை" என்றார். நான் எதிர்பார்த்தது, 'பரவாயில்லை சிஸ்டர்' என்று.

"மன்னிச்சுக்கொள்ளும்."

"நீங்கள் ஏசினது கூட்டத்துக்குள்ளை. எல்லாற்றை முன்னாலையும். அதை நாளைக்குக் கூட்டத்திலைதானே சொல்லவேணும்?"

இரண்டு கிழமை 'ஒண்டுமில்லை' என்ற பெண்ணா இது?

"சரி. சொல்லுறன். ஆனா ஒண்டு கேக்கிறன். நான் நிண்டதைப் பாத்து எப்பிடி உமக்கு விளங்கினது?"

அவர் கட்டிலின் கம்பியைத் துடைக்கத் தொடங்கினார். கையைச் சும்மா வைத்துக்கொண்டு கதைக்க அவருக்கு வராது.

"எங்கடை அப்பா வலையோடை கரை ஏறி வரேக்கை உப்பிடித்தான் நிப்பார். என்னப்பா எண்டா, கடல் பாக்கிறன் எண்டுவார். நாங்களும் கடல் பாக்கிறார் எண்டு நினைச்சம். ஒருநாள் நிண்ட இடத்திலையே விழுந்திட்டார்." துணியை மடித்தார். "நேத்து பஸ்ஸிலை வீட்டை போய்ச் சேருமட்டும் யோசிச்சனான் சிஸ்டர். பிழையாப் போனா உங்கடை முகத்திலை எப்பிடி முழிக்கிறது எண்டு. பிறகு நினைச்சன், சரியாப் போய் நான் சொல்லாமல் விட்டிருந்தா..."

முடிக்காமல் போய்விட்டார். ஏழாம் கட்டிலில் யாரோ தண்ணீர் கேட்டார்கள்.

அடுத்த நாள் ஏழேகாலுக்கு நான் கட்டிலை விட்டு இறங்கி, ஆஸ்பத்திரிச் சட்டையோடு, வெறுங்காலோடு வட்டத்தில் போய் நின்றேன். அற்றெண்டன்மார் சொன்னபிறகு, தாதிமார் சொன்னபிறகு, டொக்டர் சொன்னபிறகு, கடைசியில் சொன்னேன். நேற்று இந்த இடத்தில் நான் சட்டத்தை மீறினேன், ஏசக்கூடாத ஆளுக்கு ஏசினேன், அவர் சொன்னது சரி, நான் மறைத்தது பிழை. பொறுப்பானவள், "சரி, மருந்து நேரம்" என்றாள். எல்லோரும் கலைந்துபோனார்கள். எனக்கு அப்போது வந்த பெருமையை என்னவென்று சொல்லுவது? நான் இல்லாத கூட்டம் நடந்திருக்கிறது. எனக்கு எதிராகவே நடந்திருக்கிறது. கதைக்கும் முன் ஒருவர்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. முப்பது வருடத்தில் எனக்குக் கிடைத்த பாராட்டுப் பத்திரம் எதுவும் இதற்குக் கிட்டவும் வராது.

அதற்கடுத்த நாள் என்னை வேறொரு ஆஸ்பத்திரிக்கு இதயப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். நாளத்துக்குள் சாயம் விட்டுப் பார்த்ததில் இதயத்துக்குப் போகிற பெரிய குழாய் ஒன்று நூல்போல ஒடுங்கிக் கிடந்தது. அந்த டொக்டர் படத்தைக் காட்டி, "இதோடை மயக்கம் குடுத்து வயித்தைத் திறந்திருந்தா, மேசையிலையே பிரச்சினை வந்திருக்கும்" என்றார். "ஆர் உங்களைப் பிடிச்சு நிறுத்தினது?" என்று கேட்டார்.

"எங்கடை வாட்டு அற்றெண்டன்" என்றேன்.

அவர் நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நான் முழுக்கதையையும் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டுக் கடைசிவரை கேட்டார்.

குழாயை விரித்து, ஸ்ரென்ற் என்ற சின்னக் கம்பிவலை ஒன்றை உள்ளே வைத்தார்கள். ஆறு மாதம் பொறுத்து, அதே வார்டில், அதே நிபுணரின் கையால் பித்தப்பையையும் எடுத்தார்கள். தியேட்டருக்குள் மயக்க மருந்து டொக்டர் என்னுடைய பெயர், பிறந்த திகதி, என்ன ஒப்பரேசன் என்று மூன்றையும் கேட்டார். பத்து வருடமாக என்னைத் தெரிந்த தியேட்டர் தாதி ஒருத்தி பக்கத்தில் நின்றாள். அவளும் கையிலிருந்த பட்டியை ஒருமுறை வாசித்தாள். முன்பென்றால் 'எங்கடை சிஸ்டர்தானே' என்று விட்டிருப்பார்கள். நான் மூன்றுக்கும் சத்தமாகப் பதில் சொன்னேன்.

இந்த வருடத் தொடக்கத்தில் மற்ற ஆஸ்பத்திரிகளின் தாதிமார், டொக்டர்மாருக்கு ஒரு கருத்தரங்கு வைத்தார்கள். எங்கள் வார்டின் கூட்டம் பற்றி என்னைக் கதைக்கக் கேட்டார்கள். "நான் வாறன், ஆனா கதைக்கிறது வேற ஆள்" என்றேன். குருநகர்ப் பெண்ணிடம் சொன்னபோது, "எனக்கு உங்கடை புத்தகத் தமிழ் வராது சிஸ்டர்" என்றார். "புத்தகத் தமிழ் அங்கை எல்லாருக்கும் வரும். நீர் கதைக்கிறமாதிரிக் கதையும்" என்றேன்.

நீலச் சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார். பெரிய மண்டபம், குளிரூட்டி, முன்வரிசையில் நிபுணர்கள். இவருக்கு முதல் கதைத்தவர் திரையில் படம் காட்டிக் காட்டிக் கதைத்தார். இவர் கையில் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லாமல் ஏறினார். ஒரே பெயருள்ள இரண்டு பெண்கள், பால் தேத்தண்ணி, நோட்டீஸ். ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்தார். என்னுடைய பிழையைச் சொல்லும்போது மறைக்கவில்லை, கூட்டிச் சொல்லவும் இல்லை.

முடிந்ததும் பின்வரிசையில் ஒரு இளம் டொக்டர் எழும்பினார். "பொறுப்பான சிஸ்டரைப் பற்றி அவவுக்கு முன்னாலையே சொல்ல உங்களுக்குப் பயமா இருக்கேல்லையோ அம்மா?"

"பயம்தான்" என்றார் அவர். "ஏசுவா எண்டு தெரியும். ஏசினவதான். ஏசிப்போட்டு, இந்தா, உதிலை உயிரோடை இருக்கிறா."

கையால் என்னைக் காட்டினார். மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கைதட்டல் ஓய நெடுநேரம் ஆனது. எனக்குக் கண் நிறைந்துவிட்டதால் யார் யார் எழும்பி நின்றார்கள் என்று சரியாகத் தெரியவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம். மைக் உயரமாக இருந்தது, எட்டி எட்டிக் கதைத்ததில் கழுத்து நோகிறது என்று குறைப்பட்டுக்கொண்டு வந்தார். அடுத்த முறை யாராவது கேட்டால் மைக்கை முதலே இறக்கி வைக்கச் சொல்லவேண்டும் என்றார். நான் சொல்கிறேன் என்றேன்.